நேபாள காலண்டர்: ஆபீஸுக்கு சூரியன், பண்டிகைக்கு சந்திரன்

தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற எவருக்கும் நேபாள காலண்டர் பாதி தெரியும். மீதிப் பாதியும் புரிந்துவிட்டால் முக்திநாத் யாத்திரைக்குத் தேதி குறிப்பவருக்கும், கடையில் வேலை பார்க்கும் நேபாள இளைஞருக்கு லீவு கொடுப்பவருக்கும் பல சிக்கல்கள் தீரும்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தமிழ்நாட்டில் சித்திரை பிறந்தது. அதே நாளில் நேபாளத்தில் 2082-ம் ஆண்டு பிறந்தது. காத்மாண்டுவில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தால், கட்டத்தின் நடுவில் பெரிதாக தேவநாகரி எழுத்தில் அவர்களுடைய தேதி இருக்கும். ஆங்கிலத் தேதி ஓரத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே அன்றைய திதியும் இருக்கும். அந்தக் காலண்டருக்கு நேபாளிகள் வைத்திருக்கும் பெயர் 'பாத்ரோ'.

இந்த ஆண்டுக் கணக்குக்குப் பெயர் பிக்ரம் சம்பத், அதாவது விக்ரம சம்வத். வட இந்தியாவிலும் குஜராத்திலும் இதே பெயரில் ஆண்டுக் கணக்கு உண்டு. ஆனால், அங்கெல்லாம் அது பெரும்பாலும் பூஜைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும்தான். நேபாளத்தில் அரசாங்கமே அதன்படி நடக்கிறது. ராணா வம்சத்தினர் பிரதமர்களாக இருந்து ஆண்ட காலத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இது அரசின் அதிகாரபூர்வ காலண்டர் ஆனது. மன்னராட்சி போய் குடியரசு வந்த பிறகும் அப்படியே தொடர்கிறது.

ஒரு மாதம் தள்ளிப் படித்தால் போதும்

தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைந்தால் சித்திரை, ரிஷபத்துக்குள் நுழைந்தால் வைகாசி. நேபாளத்தின் மாதமும் இதே கணக்குதான். அதனால்தான் இரண்டு ஊரிலும் புத்தாண்டு ஒன்றாக வருகிறது. சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

வித்தியாசம் பெயரில்தான் இருக்கிறது. சூரியன் மேஷத்தில் இருக்கும் மாதத்தைத் தமிழர்கள் சித்திரை என்கிறார்கள். நேபாளிகள் அதையே 'வைசாக்' என்கிறார்கள். வங்காளத்திலும் பஞ்சாபிலும் ஏப்ரல் மத்தியில் பிறப்பது வைசாக மாதம்தான். ஆக, பெயரை மட்டும் ஒரு மாதம் தள்ளிப் படித்தால் போதும்.

சித்திரை – வைசாக்
வைகாசி – ஜேட்
ஆனி – அசார்
ஆடி – சாவுன்
ஆவணி – பதௌ
புரட்டாசி – அசோஜ்
ஐப்பசி – கார்த்திக்
கார்த்திகை – மங்சிர்
மார்கழி – பூஸ்
தை – மாக்
மாசி – பாகுன்
பங்குனி – சைத்

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் பல விஷயங்கள் தானாகப் பிடிபடும். தை முதல் நாள் இங்கே பொங்கல். அங்கே 'மாகே சங்கிராந்தி'. வள்ளிக்கிழங்கு, எள்ளுருண்டை, நெய், கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் செய்யும் 'சாக்கு' என்ற இனிப்பு எல்லாம் அன்றைய சாப்பாட்டில் இருக்கும். தராய் சமவெளியில் வாழும் தாரு மக்களுக்கு அதுதான் புத்தாண்டு. ஆனி 15-ஐ ஒட்டி வரும் அசார் 15, நாற்று நடும் நாள். வயலில் சேற்றோடு விளையாடிவிட்டு, தயிரும் அவலும் சாப்பிடுவார்கள்.

57-ஐக் கழிப்பதா, 56-ஐயா?

ஆண்டை மாற்றுவதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வைசாக் பிறந்ததிலிருந்து டிசம்பர் 31 வரை, நேபாள ஆண்டிலிருந்து 57-ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி 1-லிருந்து சைத் முடியும் வரை 56-ஐக் கழிக்க வேண்டும். ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும்.

நாளை மாற்றுவதுதான் கடினம். நேபாள மாதத்துக்கு 29 நாளும் இருக்கலாம், 32 நாளும் இருக்கலாம். எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கோடையில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. அதனால் அசாருக்கு 31, 32 நாட்கள் வரும்போது, பூஸ் 29, 30-லேயே முடிந்துவிடும். 'முப்பது நாள் செப்டம்பர்' என்று ஆங்கில மாதத்துக்கு இருப்பதுபோல மனப்பாடம் செய்ய ஒரு வாய்ப்பாடு இதற்குக் கிடையாது. அரசு அமைத்திருக்கும் பஞ்சாங்க நிர்ணயக் குழு முடிவு செய்வதுதான் கணக்கு. தேதியை மாற்றித்தரும் செல்போன் செயலிகள்கூட, ஆண்டு வாரியாகத் தொகுத்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் நேபாளிகளின் போனில் 'ஹாம்ரோ பாத்ரோ' என்ற செயலியைப் பார்க்கலாம். பெயருக்குப் பொருள், 'நம்ம காலண்டர்'.

ஒரு நாள் பிசகினால் என்ன ஆகிவிடும்? பண்டிகை என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிறந்த தேதி என்றால் ஆகும். நேபாளத்தில் 16 வயதில் குடியுரிமைச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பிறந்த தேதி அங்கே பிக்ரம் சம்பத்தில் பதிவாகிறது. பாஸ்போர்ட்டில் அது ஆங்கிலத் தேதியாக மாற வேண்டும். மாற்றும்போது ஒரு நாள் தவறினாலும் பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பொருந்தாது. வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் பெரிய தலைவலி. நேபாளத்திலிருந்து வருபவரை வேலைக்கோ, கல்லூரிக்கோ சேர்க்கும்போது இரண்டு தேதிகளையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

சூரியன் பார்த்துக்கொள்ளும் வேலைகள்

நேபாளத்தின் அன்றாடம் இந்தச் சூரியக் கணக்கில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறப்பது வைசாக்கில். அரசு ஊழியருக்கு மாதச் சம்பளம் நேபாள மாதக் கணக்கில். நிதியாண்டு தொடங்குவது சாவுன் முதல் நாள், ஆடிப் பிறப்பை ஒட்டி. நிதி அமைச்சர் பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளை அரசியலமைப்புச் சட்டமே ஜேட் 15 என்று எழுதி வைத்திருக்கிறது.

நிதியாண்டு அசாரோடு முடிவதால் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமே என்று, கொட்டும் மழையில் சாலை போடுவார்கள். இதை 'அசாரே விகாஸ்' என்று மக்கள் கேலி செய்கிறார்கள். 'ஆனி மாத வளர்ச்சி' என்று தமிழில் சொல்லலாம். இந்தியாவில் மார்ச் மாதம் நடக்கும் அவசரச் செலவுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தேசிய விழாக்களும் சூரியக் கணக்கில்தான். அரசியலமைப்பு தினம் அசோஜ் 3. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 2015-ல் அது செப்டம்பர் 20. 2025-ல் அதே அசோஜ் 3, செப்டம்பர் 19-ல் வந்தது. குடியரசு தினம் ஜேட் 15. அது மே 28 அல்லது 29-ல் வரும். ஆங்கிலக் காலண்டரை மட்டும் பார்த்து, 'போன வருஷம் இந்தத் தேதிதானே லீவு' என்று நினைப்பவர் இங்கே ஒரு நாளில் ஏமாறுவார்.

நாட்டின் நினைவுகளும் இந்தக் கணக்கில்தான் பதிந்திருக்கின்றன. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தை நேபாளிகள் 'வைசாக் 12' என்று சொல்கிறார்கள். ஆண்டு 2072. அதிலிருந்து 57-ஐக் கழித்தால் 2015. அதற்கும் முன்னால், 1934 ஜனவரி 15 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பெயரே 'தொண்ணூறாம் ஆண்டு நிலநடுக்கம்'. அது நடந்தது 1990 மாக் 2. ஜனவரி மாதம் என்பதால் 56-ஐக் கழித்தால் 1934. இன்றும் மாக் 2 அங்கே நிலநடுக்கப் பாதுகாப்பு தினம்.

சந்திரன் நகர்த்தும் பண்டிகைகள்

பொங்கல் ஆண்டுதோறும் ஜனவரி மத்தியில் வந்துவிடும். தீபாவளி மட்டும் ஒரு வருஷம் அக்டோபரில், இன்னொரு வருஷம் நவம்பரில் வரும். பொங்கல் சூரியனைப் பார்க்கிறது. தீபாவளி சந்திரனைப் பார்க்கிறது. நேபாளத்தின் பெரிய பண்டிகைகள் எல்லாம் தீபாவளி மாதிரிதான்.

நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை தசைன். நவராத்திரியும் விஜயதசமியும் சேர்ந்தது. கடந்த சில ஆண்டுகளில் விஜயதசமி வந்த தேதிகளைப் பாருங்கள்: 2022-ல் அக்டோபர் 5. 2023-ல் அக்டோபர் 24. 2024-ல் அக்டோபர் 12. 2025-ல் அக்டோபர் 2.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சந்திரனின் பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாட்கள்தான். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் பண்டிகை ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். இப்படியே விட்டால் தசைன் நடு மழைக்காலத்துக்குள் போய்விடும். அதைத் தடுக்கத்தான் 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒரு முறை ஒரு சந்திர மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதற்கு அதிக மாதம் என்று பெயர். அது வந்த ஆண்டில் பண்டிகைகள் ஒரேயடியாக 18, 19 நாள் பின்னால் போகும். 2023 ஜூலை, ஆகஸ்டில் அதிக மாதம் வந்தது. அதனால்தான் அந்த ஆண்டு தசைன் அக்டோபர் 24-க்குத் தாவியது. 2026-ல் மே 17 முதல் ஜூன் 15 வரை மறுபடியும் அதிக மாதம். எனவே, அந்த ஆண்டின் விஜயதசமி அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் போகிறது.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்கூட்டியே திட்டமிட விரும்புபவருக்கு இந்த ஒரு விதி போதும்: சாதாரண ஆண்டு என்றால் 11 நாள் முன்னே, அதிக மாதம் வந்த ஆண்டு என்றால் 19 நாள் பின்னே.

தமிழ் காலண்டரிலேயே இருக்கும் அடையாளங்கள்

பஞ்சாங்கம் புரட்டத் தெரியாதவருக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. நேபாளத்தின் பல பண்டிகைகள், தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளோடு கைகோத்து வருகின்றன.

பிராமணர்கள் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டத்தை ஒட்டி அங்கே 'ஜனை பூர்ணிமா' வருகிறது. அங்கேயும் பூணூல் மாற்றுவார்கள். மற்றவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாளை ஒட்டி வருவது 'தீஜ்'. சிவப்புப் புடவையில் பெண்கள் பசுபதிநாத் கோயிலில் கூடி, விரதமிருந்து ஆடிப் பாடும் நாள் அது. மகாளய அமாவாசைக்கு மறுநாள், இங்கே கொலு வைக்கத் தொடங்கும்போது, அங்கே தசைனின் முதல் நாளான 'கடஸ்தாபனா'. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடக்கும் சஷ்டி அன்று, அங்கே தராய் மக்கள் ஆற்றிலும் குளத்திலும் நின்று அஸ்தமனச் சூரியனுக்கு அர்க்யம் கொடுக்கும் 'சட்' பண்டிகை. 2025-ல் இரண்டும் அக்டோபர் 27-ல்தான் வந்தன.

திதி தொடங்கும், முடியும் நேரத்தைப் பொறுத்தும், ஊர் வழக்கத்தைப் பொறுத்தும் சில ஆண்டுகளில் ஒரு நாள் மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் நேபாள அரசின் விடுமுறைப் பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வைசாக்கிலும் தொடங்கும் புத்தாண்டுக்கான பட்டியல், அதற்கு முன்பே வெளியாகிவிடும்.

ஊரே ஊருக்குப் போகும் நாட்கள்

தசைன் மொத்தம் பதினைந்து நாள். முதல் நாள், வெளிச்சம் படாத பூஜை அறையில் மண் பரப்பி பார்லி விதைப்பார்கள். பத்து நாளில் அது வெளிர் மஞ்சளாக நீண்டு வளரும். அதன் பெயர் ஜமரா. முளைப்பாரி பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஏழாம் நாள் பூல்பாதி. பத்தாம் நாள் விஜயதசமி. அன்று வீட்டின் மூத்தவர்கள் அரிசி, தயிர், குங்குமம் கலந்து இளையவர்களின் நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைப்பார்கள். அதற்கு 'டிகா' என்று பெயர். ஜமராவைக் காதோரம் செருகி, ஆசி சொல்லி, கையில் பணம் கொடுப்பார்கள்.

டிகாவைப் பெற்றவரின் கையால்தான் வாங்க வேண்டும் என்பதுதான் இந்தப் பண்டிகையின் உயிர். அதனால்தான் காத்மாண்டு காலியாகிறது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் வேலை செய்பவர்கள் லீவுக்கு மன்றாடுகிறார்கள். நேபாளத்தின் தொழிலாளர் சட்டமே ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைப் பண்டிகைச் செலவுக்காகக் கொடுக்கச் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் அதை தசைனுக்குத்தான் வாங்குகிறார்கள். தொலைதூர பஸ் டிக்கெட்டுகள் முன்பதிவு திறந்ததும் பறந்துவிடும். பூல்பாதியிலிருந்து விஜயதசமி முடிந்து ஓரிரு நாள் வரை அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். வங்கிகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தசைன் முடிந்து இரண்டு வாரத்தில் திஹார் வந்துவிடும். அது ஐந்து நாள் பண்டிகை. முதல் நாள் காகத்துக்குச் சோறு. இரண்டாம் நாள் நாய்க்கு மாலை, பொட்டு, விருந்து. தமிழ்நாட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு வெடிக்கும் நரக சதுர்த்தசிதான் அந்த நாள். இங்கே வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாய்கள் கட்டிலுக்கு அடியில் பதுங்கும் அதே காலையில், அங்கே தெருநாய்களும் செவ்வந்தி மாலையோடு உலவும். பிறகு பசுவுக்கும் லட்சுமிக்கும் பூஜை. அதற்கு அடுத்த நாள், காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்களுக்குப் புத்தாண்டு. அவர்களுடைய 'நேபாள் சம்பத்' கி.பி. 879-ல் தொடங்கியது, 2025 அக்டோபரில் அதற்கு 1146 பிறந்தது. கடைசி நாள் 'பாய் டிகா'. அக்கா தங்கைகள் சகோதரர்களுக்கு ஏழு வண்ணத்தில் பொட்டு வைத்து, வாடாமல்லி மாலை போடுவார்கள். வாடாத பூ என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்களாம். உடன்பிறந்தவர் இல்லாதவர்களுக்காக காத்மாண்டுவின் ராணி போக்ரி குளத்தின் நடுவில் இருக்கும் கோயில் அன்று திறக்கும். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான் அது திறக்கிறது.

மழையும் பண்டிகையும் மோதும் இடம்

இங்கேதான் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பண்டிகை சந்திரன் சொல்லும் நாளில் வரும். மழை அதற்காகக் காத்திருக்காது. நேபாளத்தில் பருவமழை அசாரில் வலுத்து, அசோஜ் மத்தி வாக்கில்தான் விலகும். தமிழ்க் கணக்கில் ஆனியிலிருந்து புரட்டாசி வரை. தசைன் அக்டோபர் கடைசியில் வந்தால் வானம் தெளிந்திருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் வந்தால், வீடு திரும்பும் கூட்டமும் மழையின் கடைசி ஆட்டமும் ஒரே மலைச் சாலையில் சந்திக்கும்.

2024-ல் கடஸ்தாபனாவுக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், செப்டம்பர் 26 முதல் 28 வரை கொட்டிய மழையில் காத்மாண்டு பள்ளத்தாக்கும் சுற்று மாவட்டங்களும் மூழ்கின. நாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காத்மாண்டுவைக் கிழக்கோடு இணைக்கும் நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. 2025-ல் விஜயதசமி முடிந்த இரண்டு மூன்று நாளில் கிழக்கே இலாம் மாவட்டத்தில் நிலச்சரிவு; பலர் உயிரிழந்தார்கள். டிகா வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஆங்காங்கே சாலைகளில் நிற்க வேண்டியதாயிற்று.

எனவே, அக்டோபர் முதல் வாரத்தில் தசைன் வரும் ஆண்டில், பயணத் திட்டத்தில் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று குறைந்தது இரண்டு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். இரவு நேர மலைப் பயணத்தைத் தவிர்ப்பது உயிருக்கே நல்லது.

யாத்திரை போகிறவர்களுக்கு

108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்கும் முக்திநாத், முஸ்தாங் மாவட்டத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பெரியவர்கள் குழுவாகப் போகிறார்கள். ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. அடுத்து ஐப்பசி, கார்த்திகையின் முற்பகுதி. ஆனி முதல் ஆவணி வரை மழையும் நிலச்சரிவும். மார்கழி, தையில் கடுங்குளிர்.

ஐப்பசியில் போகிறவர்கள் தசைன், திஹார் நாட்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோயில் திறந்திருக்கும். ஆனால், வண்டி ஓட்டுபவரும் ஹோட்டலில் சமைப்பவரும் ஊருக்குப் போயிருக்கலாம். விஜயதசமிக்கு முந்தைய மூன்று நாளும், முடிந்த பிறகு வரும் மூன்று நாளும் பஸ், விமானம் எல்லாமே நெரிசல். பணத்தை முன்பே மாற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தசைனுக்கும் திஹாருக்கும் நடுவில் இருக்கும் ஒரு வாரம் பத்து நாள்தான் நிம்மதியான காலம். போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் செல்லும் சின்ன விமானங்கள் காற்று வலுப்பதற்கு முன், காலையில்தான் பறக்கும். ஒரு காலை தவறினால் மறுநாள்தான். அதற்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். நேபாளத்தில் நீண்ட காலமாக வார விடுமுறை சனிக்கிழமைதான். ஞாயிறு வேலை நாள் என்பதே வழக்கம். 2022-ல் இரண்டு நாள் விடுமுறையைக் கொண்டுவந்து ஒரு மாதத்திலேயே கைவிட்டார்கள். அலுவலக வேலை இருப்பவர்கள் போகும் சமயத்தில் என்ன நடைமுறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா விடுமுறையும் நாடு முழுவதற்கும் கிடையாது. இந்திர ஜாத்திரை, காய் ஜாத்திரை இரண்டும் காத்மாண்டு பள்ளத்தாக்கின் விடுமுறைகள். தீஜுக்குப் பெண் ஊழியர்களுக்குத்தான் லீவு. ஹோலி மலைப்பகுதியில் ஒரு நாள், தராய் பகுதியில் அதற்கு மறுநாள்.

லீவு கொடுப்பவர்களுக்கு

தமிழ்நாட்டின் தெருக்களில் விசில் ஊதி வரும் கூர்க்காவை ஒரு தலைமுறைக்கே தெரியும். இன்று ஹோட்டல், அப்பார்ட்மென்ட், துரித உணவுக் கடை என்று பல இடங்களில் நேபாளிகள் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கேட்பார்கள் என்று முதலாளி எதிர்பார்ப்பார். அவர்கள் கேட்பதோ புரட்டாசியிலோ, ஐப்பசித் தொடக்கத்திலோ. ஓட்டலில் கூட்டம் ஏறும் நேரத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாற்போல ஊருக்குக் கிளம்பினால் சண்டைதான் வரும்.

இதை முன்கூட்டியே தீர்க்கலாம். சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து சோனௌலி எல்லை. அதற்குப் பிறகு மலை பஸ். வீடு போய்ச் சேர நான்கு நாள்கூட ஆகலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே, ஆடி, ஆவணியிலேயே பாத்ரோவைத் திறந்து நாள் பார்த்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் போகத் தேவையில்லை. ஒருவர் தசைனுக்கு, இன்னொருவர் திஹாருக்கு என்று அவர்களையே பேசி முடிவு செய்யச் சொல்லலாம். ஊரில் பெற்றோர் வயதானவர்கள் என்றால், அவர் முதலில்.

முறை வைத்தும் தசமி நாளுக்குள் போய்ச் சேர முடியாமல் போகலாம். ரயில் தாமதமாகும், மலையில் சாலை அடைபடும். அப்படிப்பட்டவர்களுக்கும் இந்தக் காலண்டரில் இடம் இருக்கிறது. விஜயதசமியோடு டிகா முடிந்துவிடுவதில்லை. 'கோஜாக்ரத் பூர்ணிமா' என்கிற பௌர்ணமி வரை, இன்னும் ஐந்து நாள், பெரியவர்களிடம் போய் நெற்றியைக் காட்டலாம். 2025-ல் தசமி அக்டோபர் 2. அந்தப் பௌர்ணமி அக்டோபர் 6. பௌர்ணமி அன்று ஜமராவை ஆற்றிலோ, மரத்தடியிலோ சேர்த்துவிடுவார்கள். தசைன் அன்றோடு முடிகிறது.

லீவு எழுதும்போது தசமியை மட்டும் பார்க்காமல் அந்தப் பௌர்ணமியையும் பார்த்து எழுதினால், மூன்றாம் நாள் வந்து சேரும் பிள்ளைக்கும் அம்மா கையால் டிகா கிடைக்கும்.